கதவில் எழுதிய 47569433

என் அத்தை துணியில் பூவேலை செய்பவர். கையில் தையல் பிசகாது. வாயில் அகப்பட்ட வாடிக்கையாளர் லேசில் தப்ப முடியாது. கணக்கில் பட்டம் வாங்கிய ஒருத்தி அவருக்குக் கூட்டாளி. அத்தை அவளைத் 'தங்கச்சி' என்றுதான் கூப்பிடுவார். இருவரும் சேர்ந்து பெரிய எம்பிராய்டரி மெஷின் ஒன்று வாங்கினார்கள்.

ஒருவர் இல்லாமல் மற்றவர் கடையைத் திறக்கக் கூடாது என்று கதவுக்கு இரண்டு நம்பர் பூட்டு போட்டார்கள். ஆளுக்கொரு பகா எண். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதாலும் வகுபடாதது. ஒருவர் எண்ணை மற்றவரிடம் சொல்வதில்லை. இரண்டையும் பெருக்கி, விடையைக் கூட்டுக்கு அடையாளமாகக் கதவிலேயே எழுதிவைக்கலாம் என்றவள் தங்கச்சி.

"ஊரே பாக்கட்டுமேக்கா. பிரிச்சுக் கண்டுபிடிக்கறதுக்குள்ள தலை நரைச்சிடும்."

இருவரும் தனித்தனியாக எண்ணைச் சொல்ல, பெருக்கித் தரும் வேலை எனக்கு வந்தது. 47569433. ஒன்றை விட்டால், அந்த இரண்டு எண்களைத் தவிர வேறு எவற்றின் பெருக்கலாகவும் அதைப் பிரிக்க முடியாது. அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. ஃபோன் நம்பர் என்று நினைத்து அடித்துப் பார்த்தவர்களிடம், "அது நம்பர் இல்லைங்க, எங்க ரெண்டு பேரோட கல்யாணப் பத்திரிகை" என்பார்.

அதன்பின் நான் ஊர் சுற்றக் கிளம்பிவிட்டேன். வருஷங்கள் கழித்துத் திரும்பி வந்தபோது, மெஷின் நின்ற இடத்தில் போல்ட் ஓட்டைகள்தான் இருந்தன. பூட்டு எதுவும் உடையவில்லை. மெஷின் பக்கத்துத் தெருவில், தங்கச்சியின் புதுக் கடையில் ஓடிக்கொண்டிருந்தது. எப்படித் திறந்தாய் என்று அத்தை கேட்டதற்கு, "உங்க மருமகதான் நம்பர் குடுத்தா" என்றாளாம்.

அத்தை என் முகத்தைப் பார்க்காமல் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

"நான் சொல்லல அத்தை."

"என் நம்பர் உனக்கும் எனக்கும்தான் தெரியும். மூணாவதா யாரு, பூட்டா வந்து சொல்லுச்சு?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. என் ஃபோனை அவரிடம் நீட்டினேன்.

"கதவுல இருக்கறதைப் போடுங்க. உங்க நம்பரால வகுங்க."

வேண்டாவெறுப்பாகத் தட்டினார். 7919-ஆல் வகுத்ததும் மீதியே இல்லாமல் 6007 வந்து நின்றது.

"இது யாரு நம்பரு?"

"தங்கச்சியோடது. வெளியாளுக்குத்தான் அத்தை அது மலை. ஒண்ணு தெரிஞ்சவங்களுக்கு ஒரே ஒரு வகுத்தல்."

அழித்துவிட்டு மறுபடியும் போட்டார். அதே 6007.

"அப்ப எழுதின அன்னிக்கே அவளுக்கு என் நம்பர் தெரியும்."

"கணக்குப் படிச்சவளாச்சே. தெரியாமலா யோசனை சொன்னா?"

ஊசியில் கோத்த நூல் உருவிக்கொண்டு விழுந்தது.

"உங்களுக்கும்தான் அவ நம்பர் தெரிஞ்சிருக்கலாம்," என்றேன். "ஒரு தடவையாவது வகுத்துப் பாத்திருந்தா..."

"எதுக்குடி பாக்கணும்? அது அவ நம்பரு."

ஊசியைத் துணியில் குத்திவைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மெஷின் போனப்பகூட அவளை ரெண்டு வார்த்தைதான் திட்டினேன். மிச்சத்தையெல்லாம் உன் பேர்ல திட்டித் தீத்துட்டேன். இப்ப அவளுக்குன்னு ஒரு வார்த்தைகூட வரமாட்டேங்குது."