எட்டு மாதப் பாட்டும் ஒரு முரசும்

கயேத்தான் பட்டம் வாங்கிய வருடம், சட்டம் போட்டு மாட்ட ஒரு காகிதம் கிடைத்தது. அதற்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை. வரலாறு படித்தவனுக்கு, பாரிஸை ஒட்டிய வித்ரியில் யார் வேலை வைத்திருக்கிறார்கள்? காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை பேரங்காடியின் கிடங்கில் பால் பெட்டி இறக்கினான்.

"எங்க வம்சத்துலயே முதல் பட்டதாரி. பால் கெடுற தேதியைத் தப்பில்லாம வாசிப்பான்" என்று அக்கா மரீஸ் தன் சிநேகிதிகளிடம் சொல்லிச் சிரிப்பாள். அவனும் சிரிப்பான். சிரித்துவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான்.

அது தொண்ணூற்றெட்டாம் வருடம். பாரிஸில் எந்த நடன விடுதிக்குள் நுழைந்தாலும் பழைய டிஸ்கோப் பாட்டின் நான்கு வினாடியை வெட்டிச் சுழலவிட்டு, அடியில் முரசை வைத்து ஊரையே ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அதைச் செய்பவர்கள் பெரிய ஸ்டுடியோக்காரர்கள் அல்ல, படுக்கையறையில் உட்கார்ந்திருக்கும் பையன்கள்தான் என்று தெரிந்ததும் அவனுக்குப் பொறுக்கவில்லை. இசைத்தட்டிலிருந்து துண்டு வெட்டும் சாம்பிளர் பெட்டி ஒன்றைப் பழையதாகப் பிடித்தான். துண்டின் வேகமும் முரசின் வேகமும் ஒன்றையொன்று துரத்தாமல் நிற்கவே இரண்டு மாதம் ஆயிற்று. ஃபில்டர் குமிழை மெல்லத் திருப்பினால் தண்ணீருக்கடியில் கிடக்கும் பாட்டு மேலே ஏறி மூச்சுவிடும் என்பதைக் கண்டுபிடித்த அன்று, தான் எதற்கோ பிறந்தவன் என்று கொஞ்ச நேரம் நம்பினான்.

மரீஸ் ஆஸ்பத்திரியில் இரவுப் பணி பார்ப்பவள், தூக்கமெல்லாம் பகலில். இரண்டு அறைக்கும் நடுவே அட்டை மாதிரி ஒரு சுவர். அதனால் எட்டு மாதமும் ஹெட்ஃபோனிலேயே ஓடியது. ஹெட்ஃபோனில் முரசு காதைத் தட்டுமே தவிர நெஞ்சைத் தொடாது. போதவில்லை, போதவில்லை என்று முரசை வாரம் ஒரு முடி அளவு ஏற்றிக்கொண்டே போனான்.

பாரிஸில் பஸ்திய் பக்கம் இசைத்தட்டுக் கடை வைத்திருந்த பார்த், புதியவர்கள் நாலு பேரை வைத்து ஒரு தட்டு போடப்போவதாகச் சொல்லியிருந்தார். மூன்று பாட்டு முடிவாகிவிட்டது. நாலாவது இடத்துக்குத்தான் கயேத்தான் சனிக்கிழமை ஒலிநாடாவோடு போய் நின்றான். கடையின் பெரிய ஸ்பீக்கரில் அது ஓடியதும் அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. முரசைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை.

பார்த் சத்தத்தைக் குறைத்தார். "ஏன் தம்பி, ஹெட்ஃபோன்ல செஞ்சியா?"

"எப்படிண்ணே தெரிஞ்சுது?"

"இந்தக் கடைக்கு வர்றவன்ல பாதிப்பேர் அம்மா தூங்குறாங்கன்னு சொல்லி இப்படித்தான் செஞ்சிட்டு வர்றான். ஸ்பீக்கர்ல போட்டுச் சரிபண்ணு. வியாழக்கிழமை வரைக்கும் உன் இடம் காலியா இருக்கும். அப்புறம் அடுத்ததா காத்துகிட்டிருக்கிற மாத்துரேனுக்குக் குடுத்துடுவேன்."

தொடர்ந்து மூன்றாவது இரவுப் பணியை முடித்து மரீஸ் புதன் காலை வீடு வந்தாள். ஷூவைக்கூடக் கழற்றாமல் படுத்துவிட்டாள். கயேத்தான் கிடங்கிலிருந்து திரும்பி, ஸ்பீக்கர் கம்பியைக் கையில் பிடித்தபடி அவள் கதவுக்கு வெளியே எவ்வளவு நேரம் நின்றானோ. கால் கடுத்தது. எழுப்பவும் மனம் வரவில்லை, போகவும் மனம் வரவில்லை.

"டேய், அங்கே நின்னுகிட்டு மூச்சுவிடாத, தூக்கம் வரமாட்டேங்குது" என்றாள் உள்ளிருந்து. "என்ன வேணும்?"

சொன்னான்.

"போட்டுத் தொலை. காப்பி மட்டும் வச்சுக் குடு."

காப்பிக் கிண்ணத்தில் ரொட்டியை முக்கித் தின்றபடி அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கேட்டாள். "இடிக்குது" என்றாள். குறைத்தான். "இன்னும் நெஞ்சுல ஏறி உக்காருது." இன்னும் குறைத்தான். நாலாவது தடவை ஒன்றும் சொல்லாமல் ரொட்டியை மென்றாள். முரசு அதன் இடத்தில் போய் அமர்ந்துவிட்டது.

அப்போதுதான் மற்றதெல்லாம் கேட்டது. பதினைந்து இருபது வருடத்துக்கு முன்னால் யாரோ ஒரு பெண் பாடிய நான்கு வினாடி. சுற்றியது, மறுபடி சுற்றியது. மேலே ஏறிவந்தது, வந்த இடத்திலேயே நின்றது.

"மேல வர்ற இடம் நல்லாருக்கு. அப்புறம் எங்கடா போகும்?"

"எங்கயும் போகாதுக்கா. இந்த இசை அப்படித்தான். சுத்திகிட்டே இருக்கும்."

"எங்க வார்டுல ஒரு கிழவர் அப்படித்தான் சுத்துவார். அவருக்காச்சும் நடுவுல கோவம் வரும்." கிண்ணத்தை அவனிடம் நீட்டினாள். "கோச்சுக்காதே. எனக்கென்ன தெரியும், நான் பெட்பேன் எடுக்கிறவ."

அவனுக்குக் கோபமில்லை, களைப்புதான். எட்டு மாதமாக முரசை ஏற்றிக்கொண்டிருந்தது நெஞ்சில் படவேண்டும் என்பதற்காகவா, அல்லது அதற்கு அடியில் தன்னுடையதென்று எதுவும் இல்லை என்பது காதில் விழாமல் இருப்பதற்காகவா? பரீட்சையிலும் அவன் இப்படித்தான். விடை தெரியாத இடத்தில் கையெழுத்தைப் பெரிதாக்குவான்.

அவள் வேலைக்குக் கிளம்பும் வரை துண்டை வெட்டிப் பார்த்தான், திருப்பிப் போட்டான், நடுவில் முரசை நிறுத்திப் பார்த்தான். பாட்டு நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

வியாழன் மாலை கடையில் பார்த் கையை நீட்டினார். "குடு, கேப்போம்."

திருத்திய ஒலிநாடா சட்டைப் பையில்தான் இருந்தது. முரசு சரியாகிவிட்டது, கொடுத்தால் பார்த் எடுத்துக்கொள்ளவும்கூடும். தன் பெயர் அச்சான தட்டு ஒன்று சட்டமிட்ட காகிதத்துக்குப் பக்கத்தில் வந்து உட்காரும். அவன் கை பைக்கு மேலேயே நின்றது.

"கொண்டுவரலைண்ணே."

"முடியலையா?"

"முடிஞ்சுது. பாட்டு நல்லா இல்ல."

பார்த் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அதை நான்ல சொல்லணும்?"

"நீங்க சொல்லாம விட்டுட்டா?"

"சரிதான்" என்று தோளைக் குலுக்கிவிட்டுத் தொலைபேசியை எடுத்து மாத்துரேனின் எண்ணைச் சுழற்றினார். கயேத்தான் அந்தப் பேச்சு முடியும் வரை நின்று கேட்டான். ஏன் நின்றான் என்று அவனுக்கே தெரியவில்லை.

மறுநாள் கிடங்கிலிருந்து வந்து, இசைத்தட்டுப் பெட்டியிலிருந்து வேறொரு பழைய தட்டை எடுத்தான். ஸ்பீக்கரில், சுவர் தாண்டாத அளவுக்கு வைத்து, முதல் பக்கம் முழுவதும் உட்கார்ந்து கேட்டான். எதையும் வெட்டவில்லை. பக்கம் முடிந்து ஊசி வெறுமையில் உரசிக்கொண்டிருந்தபோது எழுந்துபோய்த் திருப்பிப் போட்டான்.