சோற்றுக்கு என்ன விலை எழுதுவது?

ஏழை மாணவனாக இருப்பதும் முழுநேர உத்தியோகம்தான். லீவு மட்டும் கிடையாது. அந்த உத்தியோகத்தை நான் சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் பள்ளிக்கூடத்தில் படிப்பு. பிற்பகலில் அதே பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுப்பது. அதற்கு மாதச் சம்பளமாகச் சில வெள்ளி டாலர் கிடைக்கும். அது சலவைக்கும் விளக்கெண்ணெய்க்கும் சரியாய்ப் போய்விடும். அப்போது ஐரோப்பாவில் பெரிய யுத்தம். அந்தச் செலவுக்காகச் சர்க்கார் வருமானத்துக்கு வரி போட்டது. நிரப்ப வேண்டிய சர்க்கார் பாரம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி நீங்கள் எப்போதாவது விழித்திருந்தால், வாருங்கள், நீங்களும் நம்ம ஆள்தான்.

திடீர்ப் பணக்காரன்

யாருடைய பட்டியலில் என் பெயர் புகுந்ததோ தெரியாது, எனக்கும் வரி நோட்டீஸ் வந்துவிட்டது. வருமானம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பாரத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டுமாம். பெரிய வாத்தியாரிடம் ஓடினேன். சர்க்கார் விவகாரம் என்றால் அவருக்கு உதறல். வரி ஆபீஸில் முத்திரை போட்ட பதில் வாங்கி வந்தால்தான் அடுத்த வருஷம் பள்ளியில் இடம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

திரும்பும் வழியில் கண்டாங் கெர்பாவ் மாட்டுக்கொட்டகையில் பால் கறந்துகொண்டிருந்த கோவிந்தனிடம் புலம்பினேன். அவன் மாட்டை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "சர்க்காரே உன்னப் பணக்காரன்னு நெனச்சிருக்கு. வாயத் தொறந்து கெடுத்துக்காத லா!"

நாலாவது கேள்வி

பாரத்தில் முதல் மூன்று கேள்விகளைத் தாண்டிவிட்டேன். நாலாவது காலை வாரியது. இலவசமாகத் தங்கவும் சாப்பிடவும் கிடைக்கிறதா, அதன் மதிப்பு என்ன என்று கேட்டிருந்தது. கிடைக்கத்தான் செய்தது. காதர் பாயின் மளிகைக்கடை மாடியில் படுக்கை, அவர் வீட்டுச் சாப்பாடு. பதிலுக்கு அவருடைய இங்கிலீஷ் கடிதங்களை நான் எழுதிக் கொடுப்பேன். பாய் நாகூர்க்காரர். ஊர் வழக்கப்படி, திருநீறு பூசிய என்னைக் கூட "மாப்ளே" என்றுதான் கூப்பிடுவார்.

கடையில் கூட்டம் ஓய்ந்ததும் மெல்லக் கேட்டேன். "பாய், எனக்குப் போடற சாப்பாடு மாசத்துக்கு எவ்வளவு ஆகும்?" மிளகாய் நிறுத்துக்கொண்டிருந்தவர் தராசைக் கீழே வைத்துவிட்டார். நான் வரியைப் பற்றி விளக்கியது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. அன்று இரவு என் தட்டில் மீன் துண்டு இரண்டாயிற்று. பாய் மட்டும் சரியாகச் சாப்பிடவில்லை. கை கழுவும்போது முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "வெல கேக்குற அளவுக்கு நான் என்ன கொற வச்சேன் மாப்ளே?"

மனு எழுதுகிறவரின் யோசனை

சட்டம் தெரிந்தவரைக் கேட்போம் என்று கோர்ட்டு வாசலில் மனு எழுதும் பிச்சைமுத்துவிடம் போனேன். அவர் பாரத்தைத் தலைகீழாக ஒரு தடவையும் நேராக ஒரு தடவையும் பார்த்தார். சாப்பாட்டை எழுதாமல் சைபர் போடட்டுமா என்றேன். தலையில் அடித்துக்கொண்டார். சரி, ஒரு தொகை எழுதட்டுமா என்றேன். அதற்கும் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு காது பக்கம் குனிந்து, ரகசியம் போலச் சொன்னார்: "சைபர் போட்டா துரைக்குச் சந்தேகம் வரும். எதாச்சும் போடு தம்பி, ஆனா எதுவும் போடாத மாதிரிப் போடு."

ஆபீஸில்

நாலாவது கேள்வியை வெறுமையாக விட்டுவிட்டு வரி ஆபீஸுக்கு நடந்தே போனேன். கிளார்க் யாழ்ப்பாணத்துக்காரர். அவர் விரல் நேராக அந்த வெறுமையில் போய் நின்றது. கூலிக்குப் பதிலாகச் சாப்பாடு என்றால் அது வருமானம், போடுகிறவரே விலை எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும் என்றார். சொந்தக்காரர் போட்டால் எழுத வேண்டியதில்லையாம். எனக்கு இந்த ஊரில் சொந்தக்காரர் என்று யார் இருக்கிறார்கள்? பாயிடம் மறுபடி விலை கேட்டால் அவர் மனம் உடைந்துவிடும். கேட்காவிட்டால் என் படிப்பு போய்விடும். இதைக் கிளார்க்கிடமே அழாக்குறையாகச் சொன்னேன். அவர் பாரத்தை என் பக்கம் தள்ளிவிட்டார். "நான் என்ன செய்யிறது தம்பி? வயிற்றைக் கொண்டுவந்து காட்டினால் மட்டும் காணாது, விலையைக் கொண்டுவாரும்."

கடை மூடிய நாள்

ஆபீஸில் நடந்ததை ஒன்றுவிடாமல் பாயிடம் சொன்னேன். இந்தத் தடவை காது கொடுத்துக் கேட்டார். மறுநாள் காலை கடையைத் திறக்காமல், புதுக் கைலியும் கோட்டும் தொப்பியுமாக வந்து நின்றார். வேலை நாளில் அவர் கடை மூடி நான் பார்த்ததில்லை. வழியெல்லாம் எனக்குப் பயம். மனிதர் என்ன விலை சொல்லப்போகிறாரோ, இனி அந்தச் சோறு தொண்டையில் இறங்குமோ என்று குழம்பிக்கொண்டே பின்னால் போனேன்.

கிளார்க் பேனாவைத் தொட்டுக்கொண்டு, மாதச் சாப்பாட்டுக்கு என்ன விலை என்று கேட்டார். "வெல இல்ல. அவன் எனக்கு மருமவன்" என்றார் பாய். கிளார்க் என் நெற்றியைப் பார்த்தார், பாயின் தொப்பியைப் பார்த்தார், மறுபடி என் நெற்றிக்கு வந்தார். "மாமன் எண்டால், எந்த வழியிலே மாமன்?" என்றார். பாய் யோசிக்கவே இல்லை.

"சோத்து வழியில."

கிளார்க் சிரிக்கவில்லை. குனிந்து எதையோ எழுதி, முத்திரையை ஓங்கிக் குத்திக் கொடுத்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வாங்கிய தாளை வாசிக்கக்கூட முடியவில்லை. வெளியே வந்ததும் பாய்க்கு அவசரம். "நட மாப்ளே, கடையத் தொறக்கணும். உங்க துரையால ஒரு நாள் யாவாரம் போச்சு!"

வரி போடத்தக்க வருமானம் ஒன்றுமில்லை என்று அந்தத் தாளில் முத்திரையோடு எழுதியிருந்தது. ஒரு மாமாவை எந்தக் கணக்கில் சேர்ப்பதென்று எனக்கும் தெரியவில்லை, சர்க்காருக்கும் தெரியவில்லை.