பம்பாயில் பார்த்த மஸ்கட்

மஸ்கட் போவதாக மட்டாஞ்சேரியே வழியனுப்பி வைத்த நான் பம்பாயைத் தாண்டவில்லை. விசா ஏஜென்ட் பணத்தோடு கம்பி நீட்டிவிட்டான். உடனே திரும்பக் கூச்சமாக இருந்ததால் இரண்டு வருஷம் அங்கே ஓட்டலில் தட்டுக் கழுவினேன். பிறகு நடைபாதையில் அத்தரும் கறுப்புக் கண்ணாடியும் வாங்கிக்கொண்டு, மஸ்கட்காரனாக ஊரில் வந்து இறங்கினேன்.

சாயாக்கடையில் தினமும் கதை கேட்டார்கள். பம்பாய் அறைச் சுவரில் தொங்கிய ஓமான் காலண்டரின் பன்னிரண்டு படங்களும் எனக்கு மனப்பாடம். "காலையில நிஸ்வா பேரீச்சந்தோப்புல குளிச்சேன். ஒட்டகத்துல ஏறி மத்தியானம் சூர் கடற்கரையில மீன் சாப்பிட்டேன்" என்று ஒருநாள் அளந்தேன்.

மூலையில் இருந்த புது ஆள், "நானும் எட்டு வருஷம் அங்கதான்" என்றார். என் சாயா வேட்டியில் கொட்டியது.

"இவர் சொல்றதெல்லாம் சரிதான்" என்று கடையிலிருந்தவர்களிடம் சொல்லிவிட்டு, என்னை வெளியே அழைத்துப்போனார்.

"தம்பி, அந்தத் தூரத்துக்கு ஒட்டகம் பல நாள் நடக்கணும்னு டிரைவர்மார் சொல்லுவாங்க. நான் எங்க பார்த்தேன்? எட்டு வருஷமும் அரபி வீட்டு அடுக்களைதான். அங்க என்ன பார்த்தீங்கன்னு வீட்டுக்காரி கேட்டுக்கிட்டே இருக்கா. வீட்டுக்கு வந்து சொல்லுங்க, நான் தலையாட்டுறேன்."

போனேன். அரிசிமாவு ரொட்டியான பத்திரியும் மீன்கறியும் வைத்தார்கள். காலண்டரின் டிசம்பர் படம் வரை சொன்னேன். மனைவியைவிட அவர்தான் வாய் பிளந்து கேட்டார்.

"ரெண்டு பேரும் சேர்ந்தா போய்ப் பார்த்தீங்க?" என்றார் அந்த அக்கா.

அவள் கணவர் என்னைப் பார்த்தார். "ஆமாக்கா" என்றேன்.

அதற்குப் பிறகு சாயாக்கடையில் மஸ்கட்டைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. சொன்ன பொய்களில் அந்த ஒரு 'ஆமா'வுக்கு மட்டும் எனக்கு இன்றுவரை வெட்கமில்லை.