ரொட்டிக்கடை மருமகளின் தனிச் சட்டி

உங்கள் வீட்டுக்கு வாழ வந்தவள், "இந்தச் சாப்பாடு எனக்கு ஆகவில்லை" என்று சொன்னால் நீங்கள் முதலில் எதைச் சந்தேகிப்பீர்கள், சாப்பாட்டையா, அவளையா?

திண்டுக்கல் பேகம்பூரில் ரொட்டிக்கடை வைத்திருந்த ரஹ்மத்துல்லாவின் வீட்டில் சைதூனைத்தான் சந்தேகித்தார்கள். சந்தேகிக்காமல் எப்படி? விடிந்தால் பன், பொழுது சாய்ந்தால் ரஸ்க் என்று அடுப்பு அணையாத வீடு அது. ஊரில் யார் காய்ச்சலில் படுத்தாலும் பாலில் நனைத்துக் கொடுக்க அங்கிருந்துதான் ரொட்டி போகும். 1963இல் கீரனூரிலிருந்து அந்த வீட்டுக்கு ரஹ்மத்துல்லாவின் மனைவியாக வந்தவள், ஆறே மாதத்தில் வயிற்றுப்போக்கில் எலும்பும் தோலுமானாள். ஊர் நோயைத் தீர்க்கும் ரொட்டியை அதற்காகக் குற்றம் சொல்ல முடியுமா?

மாமியார் ஜெய்தூன் பீவி வைத்தியத்தில் குறை வைக்கவில்லை. தாயத்துக்காரர் வந்து, புளியமரத்து ஜின் பிடித்திருக்கிறது என்றார். தாயத்தைக் கட்டிவிட்டு, ஓதிய கோதுமை அல்வாவை மூன்று நாள் ஊட்டச் சொன்னார். அடுத்து வந்த இங்கிலீஷ் டாக்டர் ஜின்னைக் கேட்டுச் சிரித்தார். சிரித்து முடித்து, "சோற்றை நிறுத்துங்கள், ரொட்டியும் பாலும் மட்டும் கொடுங்கள்" என்று எழுதிக் கொடுத்தார். பக்கத்து வீட்டுக் கண்ணம்மாள் இது கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போட்டாள், கையோடு ரவைக் கஞ்சியும் காய்ச்சிக் கொண்டுவந்தாள். ஒருவர் சொன்னதை மற்றவர் ஒப்புக்கொள்ளவில்லை. மூவரும் ஒன்றுபட்டு நின்ற ஒரே இடம் கோதுமை. சைதூன் இன்னும் இளைத்தாள்.

இரண்டு முறை தாய்வீட்டுக்குப் போனாள். அங்கே சோளச் சோறும் கம்பங்கூழும்தான். மூன்றே வாரத்தில் தேறித் திரும்பி வந்தாள். வந்த வாரமே மறுபடியும் படுத்தாள்.

"அங்க போனா நடை, இங்க வந்தா படுக்கை. நல்லாருக்கு நாடகம்," என்றார் ஜெய்தூன் பீவி. "ஏலே, ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும் பாப்பம். தேறலேன்னா அவ அத்தா வீட்ல விட்டுட்டு வந்துரு. உனக்கு வேற எடம் பாக்கணும்."

மாவு பிசைந்துகொண்டிருந்த மகன் நிமிரவில்லை.

பெருநாளுக்கு நாற்பது நாள் இருந்தது. சைதூனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கண் இருந்தது. தாய்வீட்டில் இல்லாதது இங்கே என்ன இருக்கிறது என்று யோசித்தாள். தனக்குக் கொடுத்த பன்னையெல்லாம் சத்தமில்லாமல் ஆட்டுக்குப் போட்டாள். பத்தே நாளில் குடம் தூக்குகிற தெம்பு வந்தது. பதினோராம் நாள் மாமியாருக்கு இரக்கம் வந்தது. மணக்க மணக்க ரசம் வைத்துச் சோற்றில் ஊற்றினார். மறுநாள் மருமகள் மறுபடியும் பாயில் கிடந்தாள்.

ரசத்தில் ரொட்டி ஏது? அதில் விழுந்தவற்றை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். புளி, மிளகு, சீரகம் மூன்றும் கீரனூரிலும் தின்றவைதான். அங்கே இல்லாதது ஒன்றுதான். மளிகைக்கடைச் சின்னக்கண்ணுவிடம் போனாள்.

"அண்ணே, பெருங்காயக் கட்டியில என்னங்க சேப்பாங்க?"

"ஏன் தாயி, எதுத்தாப்புல கடை போடப் போறியா?"

"வயிறு கேக்கச் சொல்லுதுங்கண்ணே."

"சுத்தமானத நம்ம மூக்கு தாங்காது தாயி. மாவு கலந்துதான் கட்டி புடிக்கிறாங்க. இதுல கோதுமை மாவு."

அன்றைக்கே, கடை மாவு பறந்து வராத கொல்லைப்புறத்தில் மூன்று கல்லைக் கூட்டினாள். புதுச் சட்டி, புது அகப்பை. தன் சோற்றைத் தானே பொங்கினாள்.

"ஊரே திங்கிற ரொட்டி ஒனக்கு மட்டும் வெசமாடி?" என்றார் மாமியார்.

"உங்க ரொட்டி நல்ல ரொட்டிதாங்க மாமி. என் வயித்துக்குத்தான் அதைத் திங்கிற யோக்கியதை இல்லை."

"அம்புட்டு நோவு வந்தும் வாய மட்டும் தொடல."

பெருநாள் வந்தது. வீடு நிறைய உறவுக்காரர்கள். கன்னத்தில் சதை பிடித்து நின்ற மருமகளைப் பார்த்து எல்லோரும் அதிசயித்தார்கள். மாமியார் மனம் குளிர்ந்து, ஒரு கிண்ணம் கோதுமைச் சேமியாப் பாயசத்தை அவளிடம் நீட்டினார்.

"நல்ல நாளும் அதுவுமா ஒரு வாய் குடி. ஒரு வாயில என்ன வந்துரப் போவுது?"

குடித்தால் நாளை பாயில் கிடப்பாள், அடுத்த நாள் கீரனூர் பஸ்ஸில் இருப்பாள். மறுத்தால், இத்தனை பேர் முன்னால் மாமியாரை அவமதித்தவள் ஆவாள்.

"வேணாங்க மாமி. இதைக் குடிச்சு நான் படுத்தா, படுத்ததுக்காக என்னை அனுப்பிருவீங்க. கொடுத்தது யாருன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. ரஹ்மத்துல்லா எழுந்து வந்தான். தாயின் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கி, நின்றபடியே குடித்து முடித்தான். "நல்லா இருக்கும்மா. ஆனா அவளுக்கு வேணாம்," என்றான். கல்யாணமான நாளிலிருந்து தாயிடம் அவன் எதிர்த்துச் சொன்னது அது ஒன்றுதான்.

அவளை யாரும் அனுப்பவில்லை. குணமாக்கிய பெருமை தாயத்துக்காரருக்குப் போனது. டாக்டர் தன் மருந்து என்றார், கண்ணம்மாள் தன் மிளகாய் என்றாள். நாற்பது நாள் தன் உடம்பையே வைத்துச் சோதித்து நோயைக் கண்டுபிடித்தவளுக்குக் கிடைத்த பட்டம், "தனிச் சட்டி வைத்துத் தின்கிற திமிர் பிடித்தவள்." அந்தப் பட்டத்தோடு மூன்று பிள்ளை பெற்று, நன்றாகவே வாழ்ந்தாள். 1966இல் அரிசித் தட்டுப்பாடு வந்து, ரேஷனில் கோதுமையை வாங்கித் தின்று நாட்டைக் காப்பாற்றச் சொன்னபோதும், அவள் சோளச் சோற்றோடுதான் நாட்டைக் காப்பாற்றினாள்.

இன்று உங்கள் வீட்டுப் பந்தியில் யாராவது ஒரு பண்டத்தை வேண்டாம் என்று இலையை மறைத்தால், "ஒரு வாய்தானே" என்று கரண்டியை நீட்டாதீர்கள். ஏன் என்று கேளுங்கள், பதிலைக் கடைசிவரை காதில் வாங்குங்கள், அதில் என்னென்ன போட்டீர்கள் என்பதை ஒன்றுவிடாமல் அவருக்குச் சொல்லுங்கள்.