கடைசி ஓவர் எத்திராஜ்

போன ஞாயிற்றுக்கிழமை ஓரிக்கை மைதானத்தில் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறிவிட்டது. கிரிக்கெட் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லவில்லை. கன்னியப்பனைப் பார்க்கக் கூடாது என்று சொல்லியிருக்கலாம்!

கன்னியப்பன் எங்கள் பிள்ளையார்பாளையம் டீமின் கேப்டன். நான் ஸ்கோர் எழுதுகிறவன். எழுதிப் பழகிய கை சும்மா இருக்கிறதா என்ன?

டீமில் எத்திராஜ் என்று ஒருவன். எட்டு வருஷமாகப் பந்து போடுகிறான். ஆனால் எப்போது? மற்றவர்கள் எல்லாம் அடி வாங்கி, ஆட்டம் கந்தலான பிறகு! "எத்திராஜ், வாப்பா" என்பார் கன்னியப்பன். அவனும் கடைசி நாலைந்து ஓவரில் வந்து மானத்தைக் காப்பாற்றுவான். ஜெயித்தால் மாலை கேப்டனுக்கு. தோற்றால்... "எத்திராஜ் கவுத்துட்டான்பா!"

பிழைப்பும் அப்படித்தான். ஓர் ஆபீஸில் யாராவது லீவு போட்டால் கூப்பிடுவார்கள். லீவு முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வயது இருபத்தேழு. பெண் கொடுக்க வருகிறவர்கள், "வேலை பர்மனென்ட்டா?" என்று கேட்டுவிட்டு, காபியைக்கூட முழுசாகக் குடிக்காமல் எழுந்து போகிறார்கள்.

மெட்ராஸில் ஒரு கம்பெனி, தன் கிரிக்கெட் டீமுக்காக ஆள் எடுக்கிறது. பர்மனென்ட் வேலை! அங்கே இருக்கும் அதிகாரி எனக்குப் பழக்கம். நாலு கடிதம் எழுதி, கெஞ்சி வரவழைத்தேன். ஐந்தரை மணி பஸ்ஸுக்குப் போய்விடுவேன் என்ற நிபந்தனையோடு வந்தார்.

கன்னியப்பனிடம் படித்துப் படித்துச் சொன்னேன் - "இன்னிக்கு எத்திராஜுக்கு முதல்லயே பந்தைக் குடு."

"ஆவட்டும் சார், நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். புதுப் பந்தைத் தன் மச்சானிடம் கொடுத்தார்!

மணி நாலே கால். செங்கல்பட்டுக்காரர்கள் விளாசுகிறார்கள். எத்திராஜ் பவுண்டரியில் நின்று பந்து பொறுக்குகிறான். நான் ஸ்கோர் புத்தகத்தைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினேன். கேப்டனும் உற்சாகமாகக் கை ஆட்டினார்... என்னத்தைச் சொல்ல!

நாலு முப்பத்தைந்து. இன்னும் நாலு ஓவர், அவர்கள் ஜெயிக்க இருபது ரன், கையில் மூன்று விக்கெட். மைதானமே "எத்திராஜ்! எத்திராஜ்!" என்று கத்தியது. அவனும் ஓடி வந்தான்.

கன்னியப்பன் சட்டைப் பையிலிருந்து காலண்டர் தாளை எடுத்தார். தறியில் புதுப் பாவு ஏற்றக்கூட நேரம் பார்க்கிற மனிதர்.

"நாலரைக்கே ராகு காலம் வந்துடுச்சுப்பா. புது ஆளு இப்ப ஆரம்பிக்கக் கூடாது."

ஆறு மணி வரைக்கும் ராகு காலம். ஐந்து மணிக்கு ஆட்டமே முடிந்துவிடும்! இது அந்த மண்டையில் ஏறவில்லை. ராகு காலத்துக்கு முன்பே ஆரம்பித்தவன் என்ற ஒரே தகுதியில் மச்சான் மறுபடி போட்டான். பதின்மூன்று ரன் போயிற்று.

எத்திராஜ் நேராகக் கேப்டனிடம் போய் நின்றான். எட்டு வருஷத்தில் அவன் குரல் உயர்ந்து அன்றுதான் கேட்டேன்.

"ஆரம்பிக்கத்தானே கூடாதுன்றீங்க? நான் என்னிக்குண்ணே ஆரம்பிச்சேன்? எவனோ ஆரம்பிச்சதத்தானே முடிச்சுக்கினு இருக்கறேன்! குடுங்க பந்த!"

கேப்டன் வாய் பிளந்து நிற்க, பந்தைப் பிடுங்கிக்கொண்டான். ஆறே பந்து. இரண்டு ரன், மூன்று விக்கெட். நாலு ரன் வித்தியாசத்தில் ஜெயித்தோம்! எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பக்கத்தில் அதிகாரியும் எழுந்து நின்று கை தட்டினார்.

"எப்படி சார் நம்ம பையன்?" என்றேன்.

"பிரமாதம்! ஆனா, கடைசி ஓவர் போட எங்ககிட்ட நல்ல ஆள் இருக்கார். எங்களுக்கு வேணும்கிறது புதுப் பந்து போடற ஆள்." அதற்குள் அங்கே வந்து சேர்ந்த கன்னியப்பன் பக்கம் திரும்பினார். "இவர் புதுப் பந்து போட்டிருக்காரா?"

இந்த ஒரு தடவையாவது மனிதர் பொய் சொல்லக் கூடாதா? அரிச்சந்திரன் மாதிரி தலை நிமிர்ந்து சொன்னார்:

"ஒரு தபாகூட இல்லீங்க சார்!"

அதிகாரி எத்திராஜின் கையைக் குலுக்கிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார். கன்னியப்பன் மாலை போட்டுக்கொண்டார். எத்திராஜ் பிட்ச்சில் விரித்திருந்த பாயைச் சுருட்டினான். ஆட்டம் முடிந்தால் அதுவும் அவன் வேலைதான்.

மெட்ராஸ் வாசகர்களே, உங்கள் கம்பெனியில் கிரிக்கெட் டீம் உண்டா? அங்கே கடைசி ஓவர் போடுகிறவருக்கு உடம்பு எப்படி இருக்கிறது... ஒரு கார்டு போடுங்களேன்!