சிவகௌரி ரீச்சரின் பச்சைத் தண்ணீர்ச் சபதம்

கொடிகாமத்தில் கணக்குப் படித்த பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். சிவகௌரி ரீச்சர் அடிக்கமாட்டா, ஏசமாட்டா, ஆனால் மறக்கமாட்டா என்பார்கள். ஆறாம் வகுப்பில் ஒரு பொய் சொன்னவன் உயர்தரம் படிக்க வந்த பிறகும் அவனுடைய கொப்பியைத்தான் முதலில் கேட்டு வாங்குவாராம். அப்படியொரு மனுசி.

நாற்பது வயது தாண்டிய பிறகு ரீச்சர் இணையவழியில் முதுமாணிப் படிப்புக்குப் பதிந்தார். எடுத்த பாடம் ஆட்டக் கோட்பாடு. என் முடிவின் பலன் உங்கள் முடிவிலும், உங்களுடையது என்னுடையதிலும் தங்கியிருந்தால், இருவரும் என்னதான் செய்வது? அதைக் கணிதமாக்கிப் பார்க்கும் படிப்பு அது. ஆடுகிற வயதா இது என்று புருசன் பஞ்சலிங்கம் பகிடி பண்ணினார். ரீச்சர் சிரிக்கவுமில்லை, அதை மறக்கவுமில்லை.

முதல் வருடம் தண்ணீர்பட்ட பாடாகப் போயிற்று. இரண்டாம் வருடத்தில் கடினமான பகுதி வந்தது: ஒரே இருவர் காலமெல்லாம் திரும்பத் திரும்ப ஆடும் ஆட்டங்கள். அதில் ஒரு விதி இருந்தது. மற்றவர் ஒருமுறை ஏமாற்றினால் போதும், அதன்பிறகு ஒருநாளும் ஒத்துப்போவதில்லை. அந்தப் பயமே இருவரையும் நேராக வைத்திருக்கும் என்று நிறுவியிருந்தார்கள். ரீச்சருக்குப் பெருமை பிடிபடவில்லை. எங்கள் தென்மராட்சிச் சனம் இதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டதே என்று புருசனிடம் சொன்னார். யாரை நினைத்துச் சொல்கிறார் என்று அவருக்குத் தெரியும். 

அச்சுவேலியில் இருக்கும் அண்ணை குகதாசனை நினைத்துத்தான். தகப்பன் செத்து முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிக் கிரியையன்று ரீச்சருக்குப் பரீட்சை மண்டபத்தில் கடமை. ஓடி விழுந்து கீரிமலைத் தீர்த்தக் கேணிக்குப் போனபோது கிரியை முடிந்து, ஈர வேட்டியோடு எல்லோரும் வாகனத்தில் ஏறிக்கொண்டிருந்தார்கள். பெற்ற மகள் வரும்வரை பொறுக்கவில்லையா என்று கொதித்தவர், சனத்துக்கு முன்னால் வைத்தே சொன்னார், "இனி உங்கடை வீட்டிலை பச்சைத் தண்ணியும் குடிக்கமாட்டன்." சொன்னபடியே இருந்தார். அண்ணையும் சளைத்தவரில்லை, ஒரு சொல் கதைக்கவில்லை. வருடங்கள் போயின.

இந்த நிலையில்தான் மகள் நிரோஜா பெரிய பிள்ளையானாள். தாய்மாமன் தேங்காய் உடைக்க, மாமி தலைக்குத் தண்ணீர் வார்க்க வேண்டும். ஒன்றுவிட்ட அண்ணை ஒருவரைக் கூப்பிடலாம் என்று பஞ்சலிங்கம் சொல்லிப் பார்த்தார். பிள்ளையோ சின்ன வயதில் மாமனின் மோட்டார் சைக்கிள் பெற்றோல் தாங்கியில் ஏறியிருந்து ஊர் சுற்றியவள். "மாமா வருவாரோ அம்மா?" என்று ஒரேயொரு தரம் கேட்டாள். அத்தோடு ஒன்றுவிட்ட அண்ணையின் கதை நின்றுபோனது.

ரீச்சர் கணக்குப் போட்டார். நேரே போய் அண்ணை முகத்தைத் திருப்பினால் மானம் போகும். பேசாமல் இருந்தால் பிள்ளை அழும். ஆகவே நட்டமில்லாத ஒரு நகர்வாக, சடங்கு அழைப்பிதழைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினார். நல்ல காரியத்துக்கு நேரே போய்ச் சொல்லாத வீட்டுக்கு யாழ்ப்பாணத்தில் ஆர் போவான்? செலவில்லாத செய்தியை எதிராளி ஏன் நம்பமாட்டான் என்ற கேள்விக்கு முழுப் புள்ளி வாங்கிய மனுசி செய்த வேலை இது. படிக்கிறது தேவாரம், இடிக்கிறது சிவன் கோயில்! அண்ணை பார்த்துவிட்டதற்கு நீலக் கோடுகள் விழுந்தன. பதில் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் ரீச்சர் படிப்புக்குக் கொடுக்கவேண்டிய ஒப்படையைச் செய்யக் குந்தினார். அதே விதிதான், ஆனால் ஒரு மாற்றம். மற்றவர் செய்வது நமக்குச் சரியாகத் தெரியாது, மங்கலான ஓர் அடையாளம் மட்டுமே கிடைக்கும். அப்போது என்ன நடக்கும்? ஏமாற்றாதவனை ஏமாற்றினான் என்று ஒருநாள் தவறாகக் கண்டுவிட்டால், தண்டனை முடிவேயில்லாமல் ஓடி இருவரையும் தின்னும். இடையில் மன்னித்துப் பார்க்கிறவருக்கே நன்மை கூட. எங்காவது கூட்டல் கழித்தல் குறி பிழைத்திருக்குமோ என்று ரீச்சர் திரும்பவும் செய்தார். பிழைக்கவில்லை.

பேனையை வைத்துவிட்டு யோசித்தார். கீரிமலையில் நான் கண்டது என்ன? ஈர வேட்டியையும் வாகனத்தையும்தான். அண்ணை பொறுத்தாரா இல்லையா என்பதை நான் காணவுமில்லை, கேட்கவுமில்லை. வெட்கமாக இருந்தது. பிறகு அழுகை வந்தது. முகத்தைக் கழுவி, அழைப்பிதழைக் கைப்பையில் வைத்து, ஸ்கூட்டியை எடுத்துப் புத்தூர் வெளியால் அச்சுவேலிக்கு ஓடினார்.

முற்றத்தில் குகதாசன் வெங்காயப் பிடி கட்டிக்கொண்டிருந்தார். தங்கச்சியைக் கண்டதும் கை நின்றது.  வழி நெடுகப் பாடமாக்கி வந்த நியாயம் ஒன்றும் ரீச்சரின் வாயில் வரவில்லை.

"அண்ணை, குடிக்கத் தண்ணி தாங்கோ."

அண்ணையின் மனைவி பதறிப்போய்த் தேத்தண்ணி போடுகிறேன் என்று குசினிக்குத் திரும்பினார்.

"வேண்டாம் மச்சாள். பச்சைத் தண்ணி போதும்."

அந்தச் சொல்லை அந்த வீட்டில் எவரும் மறந்திருக்கவில்லை. குகதாசன் எழும்பிப்போய்த் தானே கிணற்றில் அள்ளி, செம்பைக் கழுவி நிரப்பிக் கொண்டுவந்தார். ரீச்சர் அண்ணாந்து முழுவதையும் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

"அண்டைக்கு ஐயர் வேறை இடத்துக்குப் போகவேணும் எண்டு ஒற்றைக்காலிலை நிண்டவர். நீ வாறியோ எண்டு நான் றோட்டுக்கும் கேணிக்குமா நடந்து களைச்சுப் போனன்."

"எனக்குத் தெரியாது அண்ணை."

"நீ கேக்கேல்லையே."

ரீச்சர் கைப்பையைத் திறந்து அழைப்பிதழைத் தேடினார். கண்ணீர் மறைத்ததில் கைக்கு அது அகப்படவில்லை. குகதாசன் வெங்காயத்துக்குப் பக்கத்தில் திரும்பக் குந்தி, ஒரு பிடியைக் கட்டி முடித்துவிட்டு, தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"தேங்காய் நான் கொண்டுவாறதோ, இல்லாட்டி நீ வைச்சிருக்கிறியோ?"