எந்த ஊரு என்று கேட்டேன்

எங்கள் பக்கம் புது ஆளைப் பார்த்தால் தண்ணீர் கொடுப்பதற்கு முன்பே ஊரைக் கேட்போம். அந்தப் பழக்கம்தான் என்னைக் கவிழ்த்தது.

தொண்ணூறுகளின் நடுவில் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணிக் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ். அப்பாவோடு ஒரு மாதம் சண்டை போட்டு வாங்கிய வேலை. ஆஸ்பத்திரி டெண்டருக்குப் போடும் விலையெல்லாம் அந்த ஒற்றைக் கம்ப்யூட்டரில்தான் இருக்கும். பாஸ்வேர்டு முதலாளிக்கும் எனக்கும் மட்டுமே தெரியும்.

டெண்டருக்கு இரண்டு நாள் முன்பு ஒருவர் பையோடு வந்தார். கம்ப்யூட்டர் வாங்கிய மதுரைக் கடை அனுப்பியதாகவும், வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். முதலாளி வெளியூரில். நான் கடைக்குப் போன் போட்டேனா? இல்லை, ஊரைக் கேட்டேன். சேத்தூர்ப் பக்கம் என்றார். தேவதானமா என்றேன். ஆமாம் என்றார். அங்கே தெற்குத் தெருவில் வாத்தியார் வீடு எங்கள் அத்தை வீடுதான், தெரியுமா என்றேன். தெரியாமல் என்ன, அவரிடம்தான் படித்தேன் என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"பாஸ்வேர்டைச் சொல்லு தங்கச்சி, செத்த நேரத்துல முடிச்சிருதேன்."

சொல்லிவிட்டுக் காபி வாங்கப் போனேன். கூறு கெட்டவள், வடையும் சேர்த்து வாங்கிவந்தேன். வந்தவன் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த ஒரு பிளாப்பி டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

டெண்டர் கைவிட்டுப் போனது. போட்டிக் கம்பெனி எங்கள் விலைக்கு ஒரு பைசா குறைத்துப் போட்டிருந்தது. டெண்டர் கவரைக் கொண்டுபோன கிளார்க் மேல் முதலாளிக்குச் சந்தேகம். இருபது வருஷம் உழைத்தவரை நாளையிலிருந்து வரவேண்டாம் என்றுவிட்டார். அவரும் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார். உண்மையைச் சொன்னால் என் வேலை போய்விடும், அப்பா இன்னொரு வேலைக்கு அனுப்பவும் மாட்டார். ஆனாலும் அந்த மனுஷன் படியிறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. முதலாளியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். உடனே மதுரைக்குப் போன் போட்டார். கடையிலிருந்து யாரையும் அனுப்பவில்லையாம்.

முதலாளி கத்தவில்லை. "தேவதானம்னு அவன் சொன்னானா, நீ சொன்னியாம்மா?" என்றார்.

அப்போதுதான் உறைத்தது. ஊர், தெரு, வாத்தியார் எல்லாவற்றையும் நானேதான் எடுத்துக் கொடுத்திருந்தேன்.

"நான்தான் சொன்னேன் முதலாளி."

கிளார்க்கைத் திரும்பக் கூப்பிட்டார்கள். என்னை அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா, "எந்த ஊரும்மா, யாரு வீட்டுப் பொண்ணு?" என்று கேட்டார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.